யூலாலியா ஏரி

மேல் கணவாய்க் குடில்,
12 ஜூன் 1853

என் பிரியமுள்ள தொமித்திலாவுக்கு,

உன் எவரிஸ்தோ எழுதுகிறேன். கை, கால், மூக்கு நுனி எல்லாம் வைத்த இடத்தில் இருக்கின்றன, கவலைப்படாதே. பொப்பாயானில் நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நம்புவதைத் தவிர வேறு வழியில்லை, உன் கடிதத்தைப் படித்து எதுவும் தெரிந்துகொள்ள முடியவில்லையே! 'எட்டாம் செடிக்கட்டில் பூஞ்சை, ஒன்பதாம் கட்டு சரி, தாள் தீர்ந்துவிட்டது, தொமித்திலா.' அவ்வளவுதான். எங்கள் நில அளவைக் குழுவின் தலைவர் கர்னல் எழுதும் கடிதமே இதைவிட நீளமாக இருக்கும், தெரியுமா?

இங்கே குளிர் எலும்பில் இறங்கிவிட்டது. உருளைக்கிழங்கை அடுப்பில் வைத்தால் வேகவே மாட்டேன் என்கிறது. வழிகாட்டி ஹசிந்தோவுக்கு என்னைப் பார்த்தால் ஒரே வேடிக்கை. கொதிக்கும் தண்ணீரில் வெப்பமானியை விட்டு மலையின் உயரத்தை நான் கணக்குப் போடும்போதெல்லாம் பக்கத்தில் வந்து குந்திக்கொள்வான்.

"தண்ணி கொதிச்சா மலை எவ்ளோ உசரம்னு சொல்லுதா ஐயா?"

"ஆமாம்ப்பா."

"அப்ப சூப்பு கொதிச்சா என்ன சொல்லும்?"

"நீயே சொல்லு."

"தண்ணிய எறக்கிட்டு என்னை வையுன்னு சொல்லும். எல்லாருக்கும் பசிக்குது ஐயா."

இந்தத் தடவை பதினொரு கட்டுச் செடிகள் வருகின்றன. ஊதா மணிப்பூ ஒன்று இருக்கிறது, பார்த்துப் பிரி. இதழ் தாளோடு ஒட்டிக்கொள்ளும்.

பிள்ளை போன பிறகு நீ என்னோடு பேசுவதையே குறைத்துவிட்டாய். நான்கு வருஷமாகிறது. குறை சொல்வதாக நினைக்காதே. இரண்டு வரி கூடுதலாக எழுதினால் இந்த மலையில் எனக்குக் கொஞ்சம் கதகதப்பாக இருக்கும்.

உன்
எவரிஸ்தோ


பொப்பாயான்,
28 ஜூன் 1853

அன்புள்ள கணவருக்கு,

கட்டுகள் வந்து சேர்ந்தன. மூன்று கட்டு நனைந்திருந்தது. ஆற்றைக் கடக்கும்போது கழுதை உட்கார்ந்துவிட்டதாம். கழுதைக்காரர் ஏதோ அதன் உடல்நலம் விசாரிக்கப்போன மாதிரி சாவகாசமாகச் சொல்கிறார். தாளெல்லாம் மாற்றி, செங்கல் வைத்து அழுத்தி, அடுப்பங்கரைக் கொடியில் காயப்போட்டிருக்கிறேன். சமைக்க இடமில்லை, பக்கத்து வீட்டில் சோள அடை வாங்கிச் சாப்பிடுகிறேன். ஊதாப்பூ பிழைத்துக்கொண்டது.

கூடுதலாக இரண்டு வரி கேட்டீர்கள். என்ன எழுத? பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டபோது நீங்கள் வடக்கு மலையில் பூவின் இதழ்களை எண்ணிக்கொண்டிருந்தீர்கள். ஆள் அனுப்பினேன், ஆள் உங்களைக் கண்டுபிடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. உங்கள் மேல் தப்பு என்று சொல்லவில்லை. பாதையில்லாத மலையில் யாரை எங்கே தேடுவது? ஆனால் தப்பு யார் மேலும் இல்லையென்றால் இந்தக் கோபத்தை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன்? அதனால்தான் பூஞ்சையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்பியிருக்கிறேன். போட்டுக்கொள்ளுங்கள், செடி சுற்றாதீர்கள்.

தொமித்திலா


தென்சரிவு முகாம்,
19 ஜூலை 1853

என் தொமித்திலா,

உன் கடிதத்தைப் பல தடவை படித்துவிட்டேன். ஒரு செய்தி இருக்கிறது, கேள்.

முந்தாநாள் தென்சரிவின் மேல்விளிம்பைத் தாண்டி இறங்கினோம். துறவிச் செடிகள் இடுப்புயரத்துக்கு நிற்கும் சதுப்பு அது. திடீரென்று பனி விலகியது, கீழே ஓர் ஏரி! எந்த வரைபடத்திலும் இல்லாத ஏரி. பழைய படங்களை விரித்து வைத்துப் பார்த்தேன், அந்த இடத்தில் எல்லாரும் மலையை வரைந்து ஒப்பேற்றியிருக்கிறார்கள். சுற்றி நடந்து கோணம் எடுத்தேன், ஓடை எங்கே புறப்படுகிறது என்று குறித்தேன்.

எங்கள் குழுவின் விதி உனக்கே தெரியும். உள்ளூர்க்காரர்கள் ஒரு பெயர் வைத்திருந்தால் அதைத்தான் எழுத வேண்டும். பெயர் இல்லாததற்கு மட்டுமே முதலில் அளந்தவன் பெயர் வைக்கலாம். கரையில் நின்று ஹசிந்தோவைக் கேட்டேன், "இந்த ஏரிக்கு என்னப்பா பேரு?" அவன் தண்ணீரைப் பார்த்தபடி நின்றான். சுமைதூக்கிகள் இரண்டு பேரையும் கேட்டேன். அவர்களும் கோகா இலையை மென்றுகொண்டு சும்மா இருந்தார்கள். பெயர் இல்லை, தொமித்திலா. அங்கேயே மண்டியிட்டு, தாளை முழங்காலில் வைத்து எழுதிவிட்டேன்: யூலாலியா ஏரி.

நம் பிள்ளையின் பெயர் இனி இந்த நாட்டின் படத்தில் இருக்கும். நான் செத்தாலும் நீ செத்தாலும் அழியாது. தாள் நேற்றே ஆள் மூலம் கர்னலுக்குப் போய்விட்டது.

எவரிஸ்தோ


பொப்பாயான்,
2 ஆகஸ்ட் 1853

என் எவரிஸ்தோவுக்கு,

உங்களைப் பெயர் சொல்லி எழுதுகிறேனே என்று பார்க்கிறீர்களா? கல்யாணமான புதிதில் அப்படித்தானே எழுதுவேன்! அப்படி எழுதத் தோன்றியது, எழுதிவிட்டேன்.

கடிதத்தைச் சந்தையில் நின்றே பிரித்துவிட்டேன். படித்ததும் முட்டைக் கூடைக்காரியின் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவள் பயந்துபோய், "என்னம்மா, ஐயாவுக்கு ஏதாச்சும் ஆயிடுச்சா?" என்றாள். "இல்லடி, என் பொண்ணு பேர்ல ஒரு ஏரி வந்திருக்கு" என்றேன். அவளும் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். மூன்று முட்டை உடைந்தது.

உங்களுக்கு ஒன்று சொல்லவா? பிள்ளையை வெள்ளை உடுப்புப் போட்டுக் கிடத்தியிருந்தபோது என்னை அழக்கூடாது என்றார்கள். அழுதால் தேவதையாகிவிட்ட பிள்ளையின் இறகு நனைந்துவிடும், சொர்க்கத்துக்குப் பறக்க முடியாது என்றார்கள். நானும் மடச்சி மாதிரி அடக்கிக்கொண்டேன். அதை இப்போதுதான் அழுது தீர்க்கிறேன்.

கர்னலின் அலுவலகத்துக்கே போய்விட்டேன். எழுத்தர் விடமாட்டேன் என்றார். "எம்பொண்ணு உள்ள இருக்கா, வழிய விடுய்யா" என்றேன். கர்னல் நல்ல மனிதர், தாளை மேஜையில் விரித்துக் காட்டினார். உங்கள் கோணல் எழுத்துத்தான். விரலை வைத்துப் பார்த்தேன். சுண்டுவிரல் நகம்கூட அதைவிடப் பெரிது, ஆனாலும் இருக்கிறதே! பாதிரியாரிடம் சொல்லிப் பூசை வைத்தேன். தெருவில் ஒரு வீடு பாக்கியில்லை, எல்லாருக்கும் சொல்லிவிட்டேன்.

தண்ணீர் என்ன நிறம்? வெயில் படுகிறதா? பறவைகள் வருமா? எல்லாவற்றையும் எழுதுங்கள். மழைக்கு முன்னே வந்துவிடுங்கள். உங்கள் அறையில் காய்ந்த செடிகளை எல்லாம் எடுத்துவிட்டுக் கட்டிலைச் சுத்தமாக விரித்து வைத்திருக்கிறேன். கொய்யாப் பாகு அனுப்பியிருக்கிறேன், ஹசிந்தோவுக்கும் கொடுங்கள்.

உங்கள்
தொமித்திலா


மேல் கணவாய்க் குடில்,
24 ஆகஸ்ட் 1853

என் கண்ணான தொமித்திலாவுக்கு,

உன் கடிதம் வந்த அன்று குடிலைச் சுற்றி ஓடினேன், குதித்தேன். ஹசிந்தோ எனக்கு மலைக் கிறுக்கு பிடித்துவிட்டது என்று நினைத்தான். அந்தச் சந்தோஷம் முழுசாக ஒரு நாள்கூட நிற்கவில்லை. எப்படி எழுதுவேன் என்று தெரியவில்லை, நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

சாயங்காலம் ஹசிந்தோவின் மனைவி மிகேலா சூப்பு ஊற்றிக்கொண்டே கேட்டாள்:

"மூத்தவ ஏரி வரைக்கும் போனீங்களாமே? மழை புடிக்காம திரும்பி வந்தது அதிசயந்தான்."

"எந்த ஏரி?"

"தென்சரிவுக்கு அந்தாண்ட இருக்கே, அதான். எங்க பாஷைல 'மூத்தவ'ன்னு பேரு. எங்க பாட்டனுக்குப் பாட்டன் காலத்துலேர்ந்து அதான் பேரு."

கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். ஹசிந்தோவைப் பார்த்து, "நான் அத்தனை பேரையும் கேட்டேனேப்பா, ஏன் சொல்லல?" என்றேன்.

"கரையில நின்னுல்ல கேட்டீங்க ஐயா? அந்தக் கரையில யாரும் வாயத் தொறக்கக் கூடாது. தெரியாத குரல் கேட்டா அவளுக்குக் கோவம் வந்துரும். பனிய எறக்கி ஆளை அமுக்கிடுவா. நீங்க கத்திக் கத்திக் கேட்டப்பவே எங்களுக்கு ஈரக்குலை நடுங்கிடுச்சு. கீழ வந்து கேட்டிருந்தா நூறு தடவ சொல்லியிருப்பேனே?"

கீழே வந்த பிறகு நான் கேட்கவில்லை, தொமித்திலா. கேட்டிருக்க வேண்டும், அது என் தொழில். வேறு எந்த ஏரியாக இருந்தாலும் கேட்டிருப்பேன்.

இனி மனசில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். யாருக்கும் தெரியப்போவதில்லை. கர்னல் இந்த மலையில் ஏறப்போவதில்லை, இவர்கள் பொப்பாயானுக்கு வந்து படத்தைப் படிக்கப்போவதில்லை. வாயை மூடிக்கொண்டிருந்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். உன் கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு வேறு என்ன நினைப்பேன்? ஆனால் நான் வரைந்த மற்ற மலைகள், ஆறுகள் எல்லாம் நிஜம் என்று எந்த வாயால் சொல்வேன்?

மிகேலா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏரிக்கு நீங்க என்ன பேரு வச்சீங்க?" என்று கேட்டாள். சொன்னேன். "யாரு அது?" என்றாள். அவ்வளவுதான், உடைந்துவிட்டேன். லாலி பிறந்தது, பல் விழுந்தது, என் பூதக்கண்ணாடியை எடுத்து எறும்பு பார்த்தது, காய்ச்சல், நான் வந்து பார்த்த மண்மேடு, எல்லாவற்றையும் அவளிடம் கொட்டினேன். அவளும் மூன்று பிள்ளைகளைப் புதைத்தவள். சூப்பு ஆறிப்போகும் வரை கேட்டுக்கொண்டிருந்தாள்.

பெயரை மாற்றச் சொல்லிக் கர்னலுக்கு ஒரு கடிதம் எழுதி, ஒட்டாமல் இந்த உறைக்குள்ளேயே வைத்திருக்கிறேன். நீ படி. கர்னலிடம் கொடுப்பதும் அடுப்பில் போடுவதும் உன் இஷ்டம். நீ எது செய்தாலும் நான் ஒரு வார்த்தை கேட்கமாட்டேன். வடக்குச் சரிவு இன்னும் பாக்கியிருக்கிறது, அதை முடித்துக்கொண்டு வருகிறேன்.

எவரிஸ்தோ


பொப்பாயான்,
7 செப்டம்பர் 1853

எவரிஸ்தோவுக்கு,

நல்ல ஆள் ஐயா நீங்கள்! ஏரியைக் கண்டுபிடித்தது நீங்கள், பெயர் வைத்தது நீங்கள், அழிப்பதற்கு மட்டும் நானா? பெட்டிக்கு மரம் பார்த்ததும் குழிக்கு இடம் பார்த்ததும் நான் தனியாகத்தான். இதையும் என் தலையில் கட்டிவிட்டீர்கள்.

அடுப்பு எரிந்துகொண்டுதான் இருந்தது. உங்கள் கடிதத்தை அதன் பக்கத்திலேயே வைத்துவிட்டு நாள் முழுக்கச் செடிகளுக்குத் தாள் மாற்றினேன். தெருவெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேனே, இனி எப்படி வெளியே தலைகாட்டுவது என்று உங்களைத் திட்டினேன். மிகேலாவையும் திட்டினேன், பாவம். பிறகு முக்காட்டைப் போட்டுக்கொண்டு கர்னலிடம் போய்க் கொடுத்துவிட்டேன். வேறொருத்தி வீட்டில் என் பிள்ளையைக் குடிவைத்துவிட்டு நான் நிம்மதியாகத் தூங்க முடியுமா?

கர்னல் படித்துவிட்டு, "நீங்க வெளியில இருங்கம்மா, நான் பாத்துக்கறேன்" என்றார். மாட்டேன் என்றேன். பேனாக்கத்தியால் அந்த எழுத்துகளைச் சுரண்டினார். தாள் கிழிந்துவிடக்கூடாதே என்று இரண்டு பக்கமும் நான்தான் பிடித்துக்கொண்டேன். சுரண்டிய தூளை ஊதிவிட்டு, "மூத்தவள்" என்று எழுதினார். எழுத்து அழகாகத்தான் இருக்கிறது. சந்தையில் முட்டைக்காரியிடமும் நானே சொல்லிவிட்டேன், மற்றவர்களுக்கு அவள் சொல்லிக்கொள்வாள்.

எனக்கு ஏரி போனதில் கோபமில்லை. வேறு ஒன்றில் கோபம், அதைச் சொல்கிறேன். உங்கள் கடிதத்தில் லாலி என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் அந்தச் செல்லப் பெயரை எழுதியோ சொல்லியோ நான்கு வருஷம் ஆகிறது. "பிள்ளை" என்போம், "அவள்" என்போம், பேச்சை மாற்றிவிடுவோம். நானும் அப்படித்தான். பல் விழுந்ததையும் எறும்பு பார்த்ததையும் மலைமேல் இருக்கும் ஒருத்தியிடம் ஒரே மூச்சில் சொல்லியிருக்கிறீர்களே, என்னிடம் ஏன் சொல்லவில்லை? பூதக்கண்ணாடி விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது. என் பிள்ளை எறும்பு பார்த்ததை நான் கடிதத்தில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டுமா?

வடக்குச் சரிவு எங்கும் ஓடிவிடாது. கர்னலிடம் கேட்டுவிட்டேன், அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். கட்டுகளைக் கழுதைக்காரரிடம் விட்டுவிட்டு நீங்கள் முன்னால் வாருங்கள். வராவிட்டாலும் உங்கள் செடிகளைக் காயவைப்பேன், தாளும் காலுறையும் அனுப்புவேன். கடிதம் மட்டும் இனி எழுதமாட்டேன்.

வந்தால் வாசலில் நின்று என் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டாம். லாலி என்று கூப்பிடுங்கள். நான் வந்து கதவைத் திறக்கிறேன்.

தொமித்திலா