கோணல் வரப்புகள்

மகனுக்கு,

நான் நலம். நீ கேட்கவில்லை என்றாலும் கடிதம் அப்படித்தான் தொடங்க வேண்டும் என்று கற்றுக்கொண்டவள், அதனால் எழுதுகிறேன். நீயும் மருமகளும் நலமாக இருக்க வேண்டும்.

மேட்டு நிலத்தில் முதல் மழை பெய்து ஓய்ந்தது. மேலிருந்து எடுத்த படத்தைப் போனில் பார்த்துவிட்டு, வரப்பெல்லாம் கோணல்மாணலாக இருக்கிறது, இடம் வீண், அழித்துவிடு என்று என்னைக் கேட்காமலே டிராக்டர்காரருக்கு உத்தரவு போட்டாயே, அந்தப் படத்தில் எந்த மேடும் தட்டையாகத்தான் தெரியும் என்பது இத்தனை படித்த உனக்கு உறைக்கவில்லையா? சரிவுக்குக் குறுக்கே மட்டம் பார்த்துப் போட்ட வரப்பு வளைந்துதான் போகும். ஓடுகிற தண்ணீரை நிறுத்தி மண்ணுக்குள் இறக்குவது அதன் வேலை, உன் கண்ணுக்கு அழகாக இருப்பது அல்ல. குறுக்கே உழட்டுமா என்று அவர் கேட்டதற்கு, திருப்பித் திருப்பி ஓட்டினால் டீசல் வீண், மேலிருந்து கீழே நேராக இழு என்றாயாம். இழுத்தார். உழுத சால் ஒவ்வொன்றும் வாய்க்காலாகி, விதையும் மேல்மண்ணும் ஒரே மதியத்தில் இறங்கிப் போயின. இப்போது அங்கே சரளைக்கல்தான் விளைந்திருக்கிறது.

மண் எங்கே போயிற்று என்றால், கீழே உன் சித்தப்பா நிலத்தில் இருக்கிறது. பிழைக்கத் தெரியாதவர் என்று கேலி செய்வாயே, அவர்தான். எல்லையில் நெருக்கமாகப் புல் நட்டு வைத்திருந்தார், நம் மண் அதில் தடுக்கி உட்கார்ந்துவிட்டது. பாகப்பிரிவினைக்குப் பிறகு அவர் வாசலை மிதிக்காத நான் போய் நின்றேன். "மண்ணு தானா நடந்து வந்துச்சு அண்ணி, நான் ஒண்ணும் கூப்பிடலை" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிறகு அவரே, வண்டியில் ஏற்றித் தருகிறேன், ஆனால் வரப்பு போடாமல் கொட்டினால் அடுத்த மழைக்கு மறுபடியும் இங்கேதான் வரும் என்றார். நியாயமான பேச்சு. வரப்பு நின்று புல் வேர்பிடிக்கும்வரை நம் நிலத்தையும் அவர் பொறுப்பிலேயே விட்டுவிட்டேன். நீ கூப்பிட்டால் போனை எடுக்க வேண்டாம் என்று டிராக்டர்காரரிடமும் சொல்லியாயிற்று.

உன் பங்கைப் பிரித்துத் தரச் சொல்லி எழுதியிருந்தாய். பிரிக்க மேலே கல்தான் இருக்கிறது. புது வரப்புகளுக்கு அணைப்பாக வைக்க அது வேண்டும், ஆகவே உன் பங்குக் கல்லை நீயே வந்து சுமந்து போடு.

அடுத்த மழைக்கு முன் வா. பழைய செருப்பு கொண்டு வர மறக்காதே, போனை அங்கேயே வைத்துவிட்டு வா. கடவுள் உன்னைக் காக்கட்டும், மண்ணை நான் காத்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
இன்னும் நிலத்துக்குச் சொந்தக்காரியான,
அம்மா