அரை நொடி முந்தும் கை

ஞாயிறு, இரவு.

பேசாமல் இருந்தது போதும்.

இன்று ஆண்டிமடத்தில் ஒரு கல்யாண வரவேற்பு. என் பழைய கூட்டாளி சேகர்தான் டீஜே. என்னைக் கேட்காமல் ஒரு விழாவில் தனியாகப் பாட்டு செட் போட்ட நாளிலிருந்து நாங்கள் பேசிக்கொள்வதில்லை. பாடகி மூச்சு எடுக்கும் இடத்தில் முதல் பாட்டைத் தணித்து அடுத்ததை உள்ளே விட்டான். அது நான் கண்டுபிடித்தது. பெரம்பலூரில் என் பழைய அறையில், ஒரே ஹெட்போனை ஆளுக்கொரு காதில் வைத்து, தொடையில் தாளம் தட்டியே இருவரும் பழகினோம்.

"யாருகிட்டண்ணே கத்துக்கிட்டீங்க?" என்று மாப்பிள்ளையின் தம்பி அவனிடம் கேட்டான்.

"யாரும் சொல்லித் தரலப்பா, தானா வந்துச்சு." சேகர் என்னைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னான்.

சாப்பிடாமல் எழுந்து வந்துவிட்டேன். ஆனால் அரியலூர் வரும்வரை பஸ்ஸில் என் காதில் கேட்டது அவனுடைய பழைய கேலிதான். அடுத்த பாட்டை உள்ளே விடும்போது நான் எப்போதும் அரை நொடி முந்திவிடுவேன். "ஏன் மாப்ள இவ்ளோ அவசரம், பந்திக்கா போற?" என்பான்.

வீட்டுக்கு வந்ததும், நாங்கள் முதலில் பழகிய இரண்டு பாட்டுகளையும் இணைத்துப் பதிவு செய்தேன். கை இன்றும் அரை நொடி முந்தியது. திருத்தவில்லை. அவன் அதைக் கேட்டால் யாருடைய கை என்று தெரிந்துகொள்வான். பெயர் போடாமல் காலையில் இணையத்தில் ஏற்றிவிடுகிறேன்.