நூலகப் பின்முற்றத்தில் நாலு ஞாயிறு

ஜூன் 10

என் கண்ணான மருமகளுக்கு அத்தை எழுதுவது.

வேளைக்குச் சாப்பிடுகிறாயா? என் பிள்ளை சாவதற்கு முன்னால் உங்கள் இரண்டு பேருக்கும் வாங்கி வைத்த நாலு ஞாயிற்றுக் கச்சேரி டிக்கெட்டை எனக்கு அனுப்பினாயே, நேற்று முதல் ஞாயிறு போய் வந்தேன். அவன் டிக்கெட்டில் என்னோடு சலவைக்கடையில் இஸ்திரி போடுகிற அக்கா வந்தாள்.

நூலகத்துப் பின்முற்றத்தில் நாலே பேர் வாத்தியம் வாசிக்கிறார்கள். காற்றில் பாட்டுத் தாள் பறக்காமல் இருக்கத் துணி காயப்போடுகிற கிளிப்பை மாட்டியிருந்தார்கள். "பாத்தியா, நம்ம சாமான் இல்லாம இவங்க பொழப்பும் ஓடாது" என்றாள் அக்கா. வாசிப்பு நின்றதும் நாங்கள் ஓங்கிக் கை தட்டினோம். வேறு ஒருத்தரும் தட்டவில்லை. இன்னும் பாதி இருக்கிறதாம்! எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் தரையில் ஊன்றி வாசிக்கிற அந்தப் பெரிய வயலின் அழுதபோது நானும் வெட்கமில்லாமல் அழுதேன்.

உன் அத்தை

ஜூன் 14

அன்புள்ள அத்தைக்கு,

நீங்கள் கை தட்டியதைப் படித்துச் சிரித்துவிட்டேன். சிரித்து எத்தனை நாளாயிற்று!

ஒன்று சொல்ல வேண்டும். என் அலுவலகத்தில் ஒருவர் என்னைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்கிறார். நல்லவர். எனக்கும் விருப்பம்தான். நீங்கள் வேண்டாம் என்றால் வேண்டாம். ஏன் என்று கேட்க மாட்டேன்.

உங்கள் மருமகள்

ஜூன் 24

கண்ணு,

இத்தனை நாள் உன்னைக் காக்க வைத்தது தப்பு. கோபம். அவன் போய் வருஷம் திரும்பவில்லையே என்று எழுதினேன், கிழித்துப் போட்டேன்.

நேற்றுக் கச்சேரியில் அக்கா காதில் விஷயத்தைப் போட்டேன். அவளுக்கு மெல்லப் பேச வருமா? "உன் புள்ள போயிட்டான், சரி. அந்தப் பொண்ணும் கூடவே போயிருக்கணுமா உனக்கு?" என்றாள். வாசிப்பு மெல்லிய நூல் மாதிரி இழைந்துகொண்டிருந்த நேரம். முற்றமே திரும்பிப் பார்த்தது. எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது.

ஓடவில்லை. ஆஸ்பத்திரியில் பதினேழு நாள் அவன் கட்டிலடியில் நாற்காலியிலேயே நீ தூங்கியதை நினைத்துக்கொண்டேன். பெற்றவள் நான்கூட வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வந்தேன். நீ நகரவில்லை.

வரும் ஞாயிறு கடைசிக் கச்சேரி. அவரையும் கூட்டிக்கொண்டு வா. அக்கா தன் டிக்கெட்டை உனக்கு விட்டுத் தருகிறாள், அவருக்கு ஒன்று நான் வாங்கி வைக்கிறேன். ஆனால் என் பக்கத்தில் உட்கார வைக்காதே. நீ நடுவில் உட்கார், அவர் உனக்கு அந்தப் பக்கம். இந்த வருஷத்துக்கு என்னால் அவ்வளவுதான் முடியும்.

உன் அத்தைதான்