எட்டாம் ஹென்றிக்குப் பிறகு யார், அக்கா

அக்கா,

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். போன மாதம் ஒரு ஹோட்டல் அறையில், கட்டில் விரிப்பை உருவி எடுத்து மூக்கோடு சேர்த்துப் பிடித்து மணந்துகொண்டு நின்றபோது, அறை துப்புரவாக்க வந்த பிள்ளையிடம் கையும் களவுமாகப் பிடிபட்டேன். எனக்கு ஐம்பது வயதாகிறதென்று மகள் பிரைட்டனில் எடுத்துத் தந்த அறை அது. "அம்மா, கடலைப் பாருங்கோ" என்று சொல்லித்தான் அனுப்பினாள். கடல் அது பாட்டில் யன்னலுக்கு வெளியே கிடந்தது. நான் விரிப்பை மணந்துகொண்டிருந்தேன். சூடேறிய பருத்தியும் சவர்க்காரத் தூளும் கலந்த அதே மணம். கண்ணை மூடினால் இல்ஃபோர்ட்டில் நம் லாண்டரி, எதிரே நீங்கள்.

அந்தப் பிள்ளை நேரே வந்து விரிப்பின் மற்ற இரண்டு மூலையையும் பிடித்தாள். துணி மடித்துப் பழகியவர்களுக்கு அது தானாக வரும். இருவரும் கிட்ட வந்து மூலைகள் சேர்ந்ததும் என் வாய் "வில்லியம்" என்றது. அவள் நெஞ்சில் கையை வைத்து "ஆனா" என்றாள். என் பெயர் வில்லியம் என்று நினைத்துவிட்டாள், பாவம். நான் திருத்தவில்லை. யாரையும் திருத்த வேண்டிய நேரத்தில் நான் திருத்தியதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். அல்லது தெரியாது. அதைத்தான் இத்தனை வருடமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

லாண்டரியில் நான் சேர்ந்த முதல் நாள் நீங்கள் கேட்டீர்கள், "எதுவரைக்கும் படிச்சனி?" என்று. "ஏ லெவல் எடுத்துப்போட்டு வந்தனான் அக்கா, இங்கை துணி மடிக்கிறதுக்கு" என்றேன். பகிடியாகத்தான் சொன்னேன். நாலாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தை விட்டு இடம்பெயர்ந்தவள் நான். தமிழ் எழுத்துக் கூட்டத் தெரியும், ஆங்கிலம் என்றால் கண் முன்னால் எறும்பு ஊரும். ஆனால் நீங்கள் சிரிக்கவில்லை. "நல்லதடி, படிச்ச பிள்ளை ஒண்டு பக்கத்திலை இருக்கிறது எனக்கு உதவி" என்றீர்கள். அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் ஒருவர் நம்மைப் படித்தவள் என்று நினைத்துக்கொண்டு கதைப்பது நன்றாக இருந்தது, அக்கா. முதன்முதலாக அப்படி ஒருவர்.

பிறகுதான் அந்த உதவி என்னவென்று தெரிந்தது. கொக்குவிலில் உங்கள் பெரியக்காவுக்குச் சிறுநீரகம் பழுதாகிக்கொண்டிருந்தது. உங்களிடம் இருந்த, அகதிகளுக்குத் தரும் பயணப் பத்திரத்தோடு உலகமெல்லாம் போகலாம், இலங்கைக்கு மட்டும் போக முடியாது. அதற்கு இந்த நாட்டுப் பாஸ்போர்ட் வேண்டும். பாஸ்போர்ட்டுக்கு முதல் குடியுரிமை வேண்டும். குடியுரிமைக்கு இந்த நாட்டைப் பற்றி ஒரு சோதனை எழுத வேண்டும். அதில் சட்டம் வரும், பாராளுமன்றம் வரும், ராசாக்கள் வருவார்கள். சட்டமும் பாராளுமன்றமும் உங்களுக்குப் பரவாயில்லை. ராசாக்களில்தான் நீங்கள் தடக்கினீர்கள். எல்லோருக்கும் ஒரே பெயர்.

உங்கள் மகளின் பள்ளிக்கூடத்திலிருந்து ராசாக்களின் பெயர் வரிசையாக அச்சடித்த தாள் ஒன்றைக் கொண்டுவந்து, உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்த தட்டில் ஒட்டினீர்கள். மடிக்கும்போது நான் அதைப் பார்த்தபடி நிற்பேன். மூலைகள் சேரும் ஒவ்வொரு தரமும் நீங்கள் ஒரு ராசாவைச் சொல்ல வேண்டும். நான் தாளைப் பார்த்து "சரி" சொல்ல வேண்டும். ஒரு விரிப்புக்கு நாலு மடிப்பு, நாலு ராசா. ஒன்பதாவது விரிப்பு முடிவதற்குள் விக்டோரியா வந்துவிடுவா. பிறகு திரும்பவும் முதலிலிருந்து, வில்லியம்.

நான் தாளைப் பார்ப்பேன். எறும்பு ஊரும். பெயர்களுக்குப் பக்கத்தில் ஒற்றைக் குச்சி, இரட்டைக் குச்சி, மூன்று குச்சி என்று நின்றன. அவை எண்கள் என்பதே எனக்குத் தெரியாது. "சரி அக்கா" என்பேன். நீங்கள் தயங்கினால் நானும் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு தயங்குவேன். நீங்களே திருத்திச் சொன்னதும், "ஆ, இப்ப சரி" என்பேன். என்ன நடிப்பு!

ஆனாலும் அந்த நாட்கள் நல்ல நாட்கள். எட்டாம் ஹென்றி வரும்போதெல்லாம் நான் வாயைத் திறக்காமல் இருந்ததில்லை. "ஆறு கலியாணம் அக்கா! ஹோல் புக்கிங்குக்கே பாதி அரசாங்கம் போயிருக்கும்." எட்டாவது விரிப்பில் முதலாம் ஜோர்ஜ். அவர் ஜெர்மனியிலிருந்து வந்தவர், ஆங்கிலமே சரியாகத் தெரியாது என்று உங்கள் மகள் சொன்னதாக நீங்கள் சொன்ன அன்று எனக்குப் பொறுக்கவில்லை.

"இங்கிலிஷ் தெரியாத மனிசன் ராசாவா இருக்கலாம், நாங்கள் துணி மடிக்கிறதுக்குச் சோதனையோ?"

"எடி விசரி, மூலையை விடாதை, இழுத்துப் பிடி."

"அவருக்கு ஆர் சோதனை வச்சது எண்டு கேட்டுச் சொல்லுங்கோ."

"பேசாமல் இரு. முதலாளி பாக்கிறார். இரண்டாம் ஜோர்ஜ்."

"சரி அக்கா."

பிழை இருந்தது ஆறாவது விரிப்பில். ஐந்தாவது விரிப்பின் கடைசி மடிப்பில் எட்டாம் ஹென்றி முடிவார். ஆறாவதைத் தொடங்கும்போது நீங்கள் ஒவ்வொரு தரமும் "மேரி, எலிசபெத், எட்வர்ட்" என்று சொன்னீர்கள். ஹென்றியின் மூன்று பிள்ளைகள், பிறந்த ஒழுங்கில். தாளில் எட்வர்ட்தான் முதலில் இருந்திருக்கிறான். கடைக்குட்டி, ஆனால் ஆண்பிள்ளை. அவனுக்குப் பிறகுதான் அக்காமார். ஒருநாள் உங்களுக்கே ஒரு சந்தேகம் வந்து, விரிப்பைப் பிடித்தபடி, திரும்பிப் பார்க்க முடியாமல் நின்றீர்கள்.

"மேரிதானே முதல்? அவள்தானே மூத்தவள். மூத்தவள் இருக்கேக்கை கடைக்குட்டிக்கு எப்பிடி முடி வைப்பினம்? வடிவாப் பாத்துச் சொல்லடி."

வடிவாகப் பார்த்தேன். "மேரிதான் அக்கா" என்றேன்.

அன்று சாப்பாட்டு நேரம்தான் உங்கள் கலியாணக் கதையைச் சொன்னீர்கள். லண்டன் மாப்பிள்ளை வீட்டார் பெரியக்காவைப் பார்க்க வந்து, தேத்தண்ணி கொண்டுவந்த உங்களைக் கேட்டார்கள். சண்டைக்காலம். ஒரு பிள்ளையாவது தப்பட்டும் என்று அப்பா ஓம் சொன்னார். கலியாணத்தன்று உங்களுக்குத் தலை இழுத்துக் கொண்டை போட்டு விட்டதும் பெரியக்காதான். அவவுக்குப் பிறகு ஒன்றும் சரிவரவில்லை. வீட்டிலேயே இருந்துவிட்டா. "நான் அவளைத் தாண்டி வந்தனான்" என்றீர்கள், சோற்றுப் பெட்டியை மூடிக்கொண்டு. "ஒருக்காப் போய் அவளுக்கு முன்னாலை இருக்கோணும். கதைக்கக்கூட வேண்டாம். இருந்தால் காணும்."



சோதனைக்குப் போய்விட்டு அடுத்த நாள் வேலைக்கு வந்தீர்கள். முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. எத்தனை பிழை என்று சொல்ல மாட்டார்களாம். மெஷின்கள் இரைந்துகொண்டிருந்தன, நீங்கள் என் காதுக்குக் கிட்ட வந்து கேட்டீர்கள்:

"எட்டாம் ஹென்றிக்குப் பிறகு ஆர் எண்டு கேட்டிருந்தது. யோசிக்காமல் கம்ப்யூட்டரிலை மேரி எண்டு அமத்தினன். அது சரிதானே?"

அக்கா, ஒரு நிமிடம் இருந்தது எனக்கு. எனக்கு வாசிக்கத் தெரியாது என்று சொல்வதற்கு அரை நிமிடம் போதும். பக்கத்தில் வேறு பெண்கள் நின்றார்கள். நான் "சரி அக்கா" என்றேன்.

"அப்ப வடிவாத் தெரிஞ்சது அது ஒண்டுதான். மிச்சமெல்லாம் பிழைச்சிருக்கு" என்றீர்கள். "என்ர மண்டைக்கு இது ஏறாது." போய்த் தட்டிலிருந்த தாளைக் கிழித்து எடுத்தீர்கள். ஒரு கிழமை கழித்துத் திரும்பவும் எழுதலாம் என்று இருவருக்கும் தெரியும். நான் ஒரு சொல் சொல்லியிருந்தால், "பிழை உங்களிலை இல்லை, என்னிலை" என்று சொல்லியிருந்தால், நீங்கள் என்னை ஏசிப்போட்டு அடுத்த கிழமையே போயிருப்பீர்கள். நானோ தாள் போனதே நிம்மதி என்று நின்றேன். உண்மையைச் சொல்கிறேன், நிம்மதியாகத்தான் இருந்தது.

ஒன்றரை வருடம் நீங்கள் புத்தகத்தைத் தொடவில்லை. அதற்குள் கொக்குவிலிலிருந்து செய்தி வந்தது. பெரியக்காவின் செத்தவீட்டை லாண்டரியில் வைத்து ஃபோனில் பார்த்தீர்கள். ஃபோனை நான்தான் பிடித்தேன். அங்கே யாரோ பறைச் சத்தத்துக்கு மேலாக "தங்கச்சி பாக்கிறா, விலகுங்கோ" என்று கத்தினார்கள். எல்லோரும் விலகினார்கள். படம் நின்றுவிட்டது. திரும்ப வந்தபோது பெட்டியை மூடியிருந்தார்கள்.

அதன் பிறகு உங்கள் மகள் உங்களைப் பிடித்து இருத்திப் படிப்பித்தாள். முதல் தரத்திலேயே சித்தியடைந்தீர்கள். மறுநாள் விரிப்பு மடிக்கும்போது, எதிரே இருந்து என் முகத்தையே பார்த்தபடி மெதுவாகச் சொன்னீர்கள்:

"எட்வர்ட்தானாம் முதல். ஆம்பிளைப் பிள்ளை எண்டபடியால்."

இரண்டாவது நிமிடம் அது. கடவுள் இரண்டு தரம் தந்தார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அப்ப இந்த ஊரும் எங்கட ஊர்தான் அக்கா" என்றேன். நீங்கள் சிரித்தீர்கள். எப்போதும் போலத்தான் சிரித்தீர்கள். ஆனால் அன்று முதல் மடிப்புக்கு மடிப்பு ஒன்று, இரண்டு என்று எண்ணினீர்கள். ராசாக்கள் திரும்ப வரவில்லை. அது என் பொய் தெரிந்ததற்காகவா, அல்லது சோதனை முடிந்துவிட்டது என்பதற்காகவா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

பாஸ்போர்ட் வந்ததும் கொக்குவிலுக்குப் போனீர்கள். திரும்பி வந்தபோது எனக்கு ஓலையில் பின்னிய பனங்கட்டிக் குட்டான் ஒன்று கொண்டுவந்தீர்கள். பெரியக்காவின் கட்டிலில் இரண்டு கிழமை படுத்திருந்ததாகச் சொன்னீர்கள். பனங்கட்டியை நான் சாப்பிட முடியாமல் என் மகளுக்குக் கொடுத்தேன்.

உங்களை ஆஸ்பத்திரியில் வைத்திருந்த அந்தக் கடைசி மாதம் ஒவ்வொரு ஞாயிறும் வந்தேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் பஸ் ஏறுவேன். கட்டிலடிக்கு வந்ததும் விரிப்பைப் பார்த்து, "இதை மடிச்சவன் எந்த லாண்டரி அக்கா, வேலையால நிப்பாட்ட வேணும்" என்பேன். நீங்கள் சிரிப்பீர்கள், இருமல் வரும், நர்ஸ் வருவா. நான் வீட்டுக்குப் போவேன்.

நீங்கள் கண்ணை மூடி இரண்டு வருடத்துக்குப் பிறகு, ஈஸ்ட் ஹாமில் பெண்களுக்கென்று நடக்கும் ஆங்கில வகுப்பில் போய் இருந்தேன். முதல் நாள் டீச்சர் எதுவரை படித்தாய் என்று கேட்டா. நாலாம் வகுப்பு என்றேன். அவ அதை எழுதிக்கொண்டு அடுத்தவளிடம் போய்விட்டா. அவ்வளவுதான், அக்கா. ஒன்றும் இடிந்து விழவில்லை.

அங்கேதான் அந்த ராசாக்களின் பெயர்களை என் கண்ணால் வாசித்தேன். எட்வர்ட் என்ற பெயரில் விரலை வைத்துக்கொண்டு கனநேரம் இருந்தேன். இன்னொன்றும் படித்தேன். இப்போது சட்டத்தை மாற்றிவிட்டார்களாம். இனிப் பிறக்கும் ராசவம்சத்தில், ஆணோ பெண்ணோ, மூத்த பிள்ளைக்குத்தான் முதலிடம். நீங்கள் விரிப்பைப் பிடித்துக்கொண்டு சொன்னதைத்தான் இவர்கள் இப்போது சட்டமாக எழுதி வைத்திருக்கிறார்கள். உங்களிடம் ஓடி வந்து சொல்ல வேண்டும் போல் இருந்தது. ரெய்னர்ஸ் லேனில் இருக்கும் உங்கள் மகளுக்கு ஃபோன் எடுத்துச் சொன்னேன். "ஓ நைஸ், அன்ரி" என்றாள். மற்றதை, சொல்ல வேண்டியதை, அவளிடமும் சொல்லவில்லை. அது அவளுக்கு உரியது அல்ல.

உங்களுக்கு உரியது. எனக்கு வாசிக்கத் தெரியாது, அக்கா. ஒருநாளும் தெரிந்திருக்கவில்லை. மேரி என்று நான் சொன்னது நீங்கள் மேரி என்று சொன்னபடியால். பெரியக்காவுக்கு முன்னால் போய் இருக்க உங்களுக்கு ஒன்றரை வருடம் இருந்தது. அதை நான் என் வெட்கத்துக்காக எடுத்துக்கொண்டேன். இப்போதும் இரண்டு மூலைகள் சேரும்போதெல்லாம், தலையணை உறையாக இருந்தாலும் சரி, வாய் தன் பாட்டில் ஒரு பெயரைச் சொல்கிறது. சரியான ஒழுங்கில்தான் சொல்கிறது. அதைக் கேட்க எதிரே ஒருவரும் இல்லை.

நானும் சோதனை எழுதிச் சித்தியடைந்தேன். போன கிழமை குடியுரிமை தரும் வைபவம். உங்களுக்குப் பிடித்த அந்தக் கத்தரிப்பூ நிறச் சேலையைத்தான் கட்டிப் போனேன். எல்லோரையும் எழுப்பி நிறுத்திச் சத்தியம் செய்யச் சொன்னார்கள். ராசாவுக்கும், அவருடைய வாரிசுகளுக்கும், அவருக்குப் பின்னால் வருபவர்களுக்கும் விசுவாசமாக இருப்பேன் என்று சொன்னேன். எழுத்துக்கூட்டி, நானே வாசித்து. அதில் தாண்டப்பட்டவர்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. நீங்கள் பக்கத்தில் நின்றிருந்தால் என் விலாவில் இடித்து, "மூத்தவளைப் பற்றி ஒண்டும் காணேல்லையே" என்று கேட்டிருப்பீர்கள். அந்த இடிக்காக அந்தப் பக்கத்தைக் கொஞ்சம் காலியாக விட்டுத்தான் நின்றேன்.

பிறகு ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, மேயருக்கும் ராசாவின் பெரிய படத்துக்கும் நடுவில் நிறுத்திப் புகைப்படம் எடுத்தார்கள். படம் மூன்று காலுள்ள ஒரு தாங்கியில் இருந்தது. நான் பத்திரத்தை வாங்கிக்கொண்டு திரும்பியபோது முந்தானை அதில் ஒரு காலில் மாட்டியது. ராசா குப்புற விழுந்தார். மேயரும் இன்னொருவரும் தூக்கி நிறுத்தினார்கள். கண்ணாடி உடையவில்லை. அடுத்த ஆளின் பெயரைக் கூப்பிட்டார்கள்.