தண்ணி கலக்காத பினாயில்

ஏங்க,

சாப்பாடு அடுப்பு மேல இருக்கு, சுட வச்சுக்கோங்க. நான் டியூட்டிக்குப் போறேன். சாயங்காலம் உங்க அம்மா வர்றாங்க.

பூனை நாத்தம்னு அவங்க மூக்கைச் சுளிக்கக் கூடாதுன்னுதானே நேத்து பினாயிலைத் தண்ணி கலக்காம ஊத்தித் தொடச்சீங்க? வாசனை போயிடும்னு ஜன்னலை வேற சாத்துனீங்க. பூனை அதை மிதிச்சுட்டுக் காலை நக்கிடும்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேன். "பூனைக்கு அறிவு இருக்குடி"ன்னீங்க. நம்ம ராங்கிக்கு உங்க அளவுக்குத்தான் இருந்துச்சு. ஈரத்துல நடந்துட்டு நாலு காலையும் நக்கியிருக்கா.

காலையில நீங்க கிளம்புனதும் வாயில நுரை தள்ளிருச்சு. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுனேன். பொழைக்கல. நீங்க ஃபோனை எடுக்கவே இல்ல.

பின்பக்கம் அட்டைப் பெட்டியில இருக்கா. குழியை நீங்களே தோண்டுங்க. சின்னவ ஸ்கூல் விட்டு வந்ததும் ராங்கி எங்கேன்னு கேப்பா, அதையும் நீங்களே சொல்லுங்க.

உங்க அம்மாகிட்ட மறக்காம சொல்லுங்க, இனிமே வீட்டுல பூனை நாத்தமே இருக்காது.

பி.கு.: உங்க பழைய சட்டையில சுத்தித்தான் தூக்கிட்டுப் போனேன். உங்க வாசனை பட்டதும் கத்துறதை நிறுத்திட்டா. உங்களைப் போய் நம்பியிருக்கா பாருங்க.