பேட்டரியை மிச்சம் பிடித்த மாலை

அன்புள்ள உம்மாவுக்கு, தாராவியிலிருந்து மகள் சாயிமாவின் ஸலாம். நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

வெள்ளிக்கிழமை நீங்கள் பலமுறை கூப்பிட்டும் நான் எடுக்கவில்லை. போனில் சொன்னால் பதறுவீர்கள் என்றுதான் எழுதுகிறேன். எனக்கு ஒன்றுமில்லை. மழைவெள்ளத்தில் ரயில் நடுவழியில் நின்றுவிட்டது. என் பக்கத்தில் இருந்த ஸ்மிதா என்ற கர்ப்பிணிக்கு வலி வந்துவிட்டது. அதற்குள் சுற்றியிருந்தவர்களின் போன்கள் அணைந்திருந்தன. என் போனில் கொஞ்சம் பேட்டரி இருந்தது. அதிலிருந்து அவளுடைய டாக்டருக்குச் சொன்னோம்; திரும்பக் கூப்பிடுவதாகச் சொன்னார். திரையின் வெளிச்சத்தைக் குறைத்தேன், நெட்டை நிறுத்தினேன். உங்கள் அழைப்பு வந்தபோதெல்லாம் துண்டித்தேன்.

“ஒங்க அம்மாதானே? எடுத்துப் பேசும்மா,” என்றாள் ஸ்மிதா.

“இருக்கட்டும்க்கா. ஒங்க டாக்டர் கூப்பிடுவாங்கல்லா.”

டாக்டர் கூப்பிட்டார். அவர் சொன்னபடி நாங்கள் அவளைப் பார்த்துக்கொண்டோம். தீயணைப்புக்காரர்களுக்கு இடத்தைச் சொல்லி முடித்ததும் போன் அணைந்தது. அவர்கள் வந்து அவளைத் தூக்கிச் சென்றார்கள். அவள் பிழைத்துக்கொண்டாள். குழந்தை தங்கவில்லை. நேற்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வேலைக்கு நேரமாகிறது. ஊரிலிருந்து யாராவது வந்தால், நீங்கள் உடுத்திய நூல் சேலை ஒன்று கொடுத்தனுப்புங்கள். இங்கே குளிர்கிறது. துவைக்க வேண்டாம் உம்மா.

சாயிமா