காம்பில்லாத மிளகாய்

அண்ணே,

நேற்று மத்தியானம் தயிர்ச்சோற்றுக்கு மோர்மிளகாய் வறுக்கப் போன என் வீட்டுக்காரி, ஜாடியிலிருந்து ஒன்றை எடுத்து எண்ணெய்ச் சட்டிக்கு மேலே பிடித்தபடி, "என்னங்க, இந்த மிளகாய்க்குக் காம்பே இல்ல" என்றாள். வாங்கிப் பார்த்தேன். உங்கள் ஆறாவது தோட்டா. இரண்டு வருஷம் மிளகாய் உப்போடு கிடந்து பச்சையாகக் களிம்பு பூத்திருந்தது. அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்கு ஓடினோம். பக்கத்து வீட்டார் எங்களுக்குள் சண்டை என்று நினைத்து, மரியாதையாகக் கதவை மூடிக்கொண்டார்கள்.

வருஷா வருஷம் உங்கள் வீட்டு ஆச்சி கொடுத்தனுப்பும் மிளகாய் அது. என் வயிற்றுப் புண்ணுக்குப் பயந்து அந்த ஜாடியை மட்டும் பரணில் ஏற்றி வைத்திருந்தோம். இந்தப் பங்குனியில் உங்கள் வீட்டில் மிளகாய் போடவில்லை. அதனால் பழையதை இறக்கினோம்.

இரண்டு வருஷத்துக்கு முந்திய அந்தப் பங்குனியை மறப்பீர்களா? தேர்தல் வந்ததால், உங்கள் அய்யா மலேயாவிலிருந்து கொண்டுவந்த ரிவால்வரை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டியிருந்தது. பெண்ணைப் புகுந்த வீட்டுக்கு அனுப்புகிற மாதிரி ஏற்பாடு செய்தீர்கள். கோட்டையூர் வீட்டு வளவு முற்றத்தில் சம்மணம் போட்டு, ஒவ்வொரு தோட்டாவையும் பழைய வேட்டித் துணியால் துடைத்து, விரிசல் உண்டா, அடிமூடி உப்பியிருக்கிறதா என்று கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தீர்கள். பிறகு ஆறையும் ஈரம் போக வெயிலில் வைத்தீர்கள். ஒரு பக்கம் ஆச்சியின் மோர்மிளகாய், மறு பக்கம் கூழ்வடகம், நடுவில் வேட்டித் துண்டின் மேல் வெடிமருந்து. காயவைத்த பிறகும் ரிவால்வரில் ஐந்துதான் போடுவீர்கள். சுத்தியலுக்கு நேரே உள்ள அறை காலியாகவே இருக்கும். "நமக்கு அவசரம் வராது தம்பி, அந்தத் தைரியத்துலதான் துப்பாக்கி வச்சிருக்கேன்" என்பீர்கள்.

காக்கா ஓட்டக் கையில் கம்போடு என்னை உட்காரவைத்துவிட்டுச் சாப்பிடப் போனீர்கள். ஊரிலேயே நம்பகமான ஆள் என்று என்னை நினைத்த ஒரே மனிதர் நீங்கள்தான். ஆச்சி வந்து மிளகாயை அள்ளிப் போனதுகூட எனக்குத் தெரியாது. கண் விழித்தபோது வேட்டித் துண்டில் ஐந்துதான் இருந்தது. உறங்கினேன் என்று சொல்ல நாக்கு வரவில்லை. காக்கா தூக்கிவிட்டது என்றேன்.

"எங்குட்டுப் போச்சு?"

"அரியக்குடிப் பக்கம்ணே."

மூன்று நாள், அண்ணே! உங்கள் பழைய ஸ்கூட்டரில் என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, அரியக்குடியில் ஒரு வேப்பமரம் விடாமல் நிறுத்தினீர்கள். நான் அண்ணாந்து கூடு தேடினேன். பெருமாள் கோயிலுக்கு வந்தவர்கள் நமக்கு ஏதோ வேண்டுதல் என்று நினைத்து ஒதுங்கிப் போனார்கள். மூன்றாம் நாள் சாயங்காலம் நன்னாரி சர்பத் வாங்கிக் கொடுத்து, நான் பாதி குடித்த பிறகுதான் சொன்னீர்கள்: "அன்னைக்கு உங்க கன்னத்துல வடகம் ஒட்டியிருந்துச்சு தம்பி. நீங்களாச் சொல்லுவீகன்னு பாத்தேன்."

அப்போதும் நான் சொல்லவில்லை. சர்பத்தைக் குடித்து முடித்தேன்.

மறுநாள் ஸ்டேஷனில் "என் கவனக்குறைவால் ஒன்று தொலைந்தது" என்று உங்கள் பெயரில் எழுதிக் கொடுத்தீர்கள். தேர்தல் முடிந்து எல்லோர் துப்பாக்கியும் வீடு திரும்பியது. உங்களுடையது மட்டும் விசாரணை என்று அங்கேயே தங்கிவிட்டது. கேட்டவர்களிடம், "காக்காவுக்கு லைசென்ஸ் இல்ல, அதான் எம்மேல விசாரணை" என்று சொல்லிச் சிரித்தீர்கள். என்னைப் பார்க்காமல் சிரித்தீர்கள். வளவில் தண்ணீர் போகும் குழாய் வரைக்கும் துழாவினீர்களாம். நீங்கள் துழாவியபோது அது என் வீட்டுப் பரணில் இருந்திருக்கிறது. என் கால் பட்டு மிளகாய்ப் பாய்க்கு உருண்டிருக்க வேண்டும். உறங்கிவிட்டேன் என்று அன்றே சொல்லியிருந்தால், ஆச்சி முதலில் ஜாடியைத்தான் கவிழ்த்திருப்பார்கள்.

நீங்கள் கண்ணை மூடிய பிறகு, இப்போது உங்கள் மகள் அந்த ரிவால்வரைத் தன் பெயருக்குக் கேட்டு மனுப் போட்டிருக்கிறாள். காணாமல் போன ஒன்றுக்குப் பதில் வராமல் மனு நகரவில்லை. "ஊருணியில போட்டுட்டு வாங்க, எதுக்கு வம்பு" என்றாள் என் வீட்டுக்காரி. ஊருணி வரைக்கும் போகவும் செய்தேன். கரையில் நின்றபோது கன்னம் அரித்தது. நேரே ஸ்டேஷனுக்குப் போனேன்.

நான் எழுதிக் கொடுத்ததைப் படித்த எஸ்.ஐ. அம்மா, "தூங்கினது சரி. வடகம் ஒட்டினதையும் எழுதணுமா சார்?" என்றார்.

"அதுதாம்மா சாட்சி."

சிரித்துக்கொண்டே சிவகங்கை கலெக்டர் ஆபீசுக்கு எழுதி அனுப்புவதாகச் சொன்னார். துப்பாக்கி கிடைக்கும் என்று தான் சொல்லவில்லை என்றும் சொன்னார்.

இன்று காலை மொட்டைமாடிச் சுவரில் ஒரு பிடி சோறு வைத்தேன். இரண்டு வருஷமாகப் பழி சுமந்த இனம் அல்லவா? ஒரு காக்கா வந்து உட்கார்ந்தது. சோற்றைத் தொடாமல் தலையைச் சாய்த்து என்னையே பார்த்தது. மூக்குக்கண்ணாடி ஒன்றுதான் குறை.

"உறங்கிட்டேண்ணே" என்றேன்.

அதற்குப் பிறகுதான் சாப்பிட்டது.